மூலம் கூறுதல்: மாணவர் காணொளிகள் பற்றிச் சில கருத்துக்கள்

எழுதுபவருக்கு மேற்கோட்குறி என்றொரு சிறு கருவி உண்டு. பிறருடைய வசனம் ஒன்றைத் தமது கட்டுரையிற் சேர்க்கும்போது அதன் இரு மருங்கிலும் அவர் அக்குறியை இடுகிறார். அடிக்குறிப்பில் நூலின் பெயரையும் பக்கத்தையும் தருகிறார். ஒருவரின் சொல் எங்கே முடிகிறது, மற்றவரின் சொல் எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் கண்ணாற் காண்கிறார். பேசுபவருக்கோ இக்கருவி இல்லை. குரலுக்கு மேற்கோட்குறி கிடையாது. தாமே சிந்தித்த வசனத்தையும், வேறொருவர் பல்லாண்டு உழைத்து எழுதிய வசனத்தையும் ஒருவர் ஒரே தொனியில் உச்சரித்துச் செல்வாராயின், கேட்போர் இரண்டையும் அவருடையனவாகவே கொள்வர். மாணவர் இயற்றும் ஒலி, ஒளி ஆக்கங்களைப் பற்றிச் சிந்திக்கப் புகும் எவரும் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவாகும்.

பொட்காஸ்ட் எனப்படும் வலையொலியும் யூடியூப் காணொளியும் இன்று மாணவர்களின் கட்டுரைக் கொப்பிகளாகி வருகின்றன. யூடியூப் தோன்றியது 2005ஆம் ஆண்டில். அதற்கு முன்னர், தமது கருத்தை ஆயிரம் பேருக்குக் கேட்பிக்க விரும்பும் ஓர் இளைஞருக்கு அச்சகமோ வானொலி நிலையமோ மனமிரங்க வேண்டியிருந்தது. அவை பணம் படைத்தோரிடமும் அரசாங்கத்திடமுமே இருந்தன. இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் கருவி கைக்கு வந்த வேகத்தில் அதனைக் கையாளும் அறம் வந்து சேரவில்லை என்பதையும் கூறாதிருக்க முடியாது. பிறர் உழைப்பைத் தம் குரலில் வெளியிடுவோர் அவ்வுழைப்புக்கு உரியவரின் பெயரைக் கூறுகின்றனரா என்பதே எமது வினா.

இவ்வினாவை உலகறிய எழுப்பிய ஆக்கம் ஒன்று உண்டு. பிரித்தானியரான ஹரி புரூவிஸ், ஹெச்பொம்பர்கய் என்னும் புனைபெயரில், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட காணொளி அது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீளும் அக்காணொளி, யூடியூப்பிற் பெயரெடுத்த சிலர் பிறர் எழுத்தைத் திருடிய முறைகளை ஆராய்கிறது. அதன் பெரும் பகுதி கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் சொமர்ட்டன் என்பவரைப் பற்றியது. திரைப்படங்களில் தன்பாலீர்ப்பாளர் சித்திரிக்கப்பட்ட வரலாற்றைப் பேசிப் பெரும் இரசிகர் கூட்டத்தையும் அவர்களுடைய நிதியுதவியையும் பெற்றிருந்தவர் அவர். அவர் பேசியவற்றுட் பெரும் பகுதி பிறருடைய நூல்களிலும் கட்டுரைகளிலும் இருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டதென்பதைப் புரூவிஸ் காட்டினார்.

அவ்வாறு எடுக்கப்பட்ட நூல்களுள் ஒன்று வீட்டோ ருஸ்ஸோவின் 'த செலுலொய்ட் குளோசெட்'. 1981இல் வெளிவந்த இந்நூலின் பின்னணியை அறிந்தால் திருட்டின் தன்மை விளங்கும். வீட்டிலிருந்தபடியே பழைய படங்களைப் பார்க்கும் வசதி பரவாத காலத்தில், ருஸ்ஸோ சுவடிக் காப்பகங்களில் அமர்ந்து நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்தார். 1970களில் ஊர் ஊராகச் சென்று, படத்துண்டுகளைத் திரையிட்டு உரையாற்றினார். தம் மக்கள் திரையிலே கேலிப் பொருளாகவும் கொலையாளிகளாகவும் மாத்திரமே காட்டப்பட்டதன் காரணத்தைத் தேடுவதே அவர் உழைப்பின் நோக்கமாயிருந்தது. எயிட்ஸ் நோய் அவர் சமூகத்தைச் சூறையாடிய நாட்களில் அவர் போராட்டக் களத்தில் நின்றார். 1990இல் அந்நோய்க்கே இரையானார். அத்தகைய ஒருவரின் வாக்கியங்களை, அதே ஒடுக்கப்பட்ட சமூகத்தின் பெயராற் பேசியவரே, தமது வாக்கியங்களாகச் சொல்லிப் பணமீட்டினார். மறக்கப்பட்டவர்களை நினைவூட்டுவதாகக் கூறிக்கொண்டே, நினைவூட்டியவரை மறக்கச் செய்தார்.

புரூவிஸின் ஆக்கம் விமர்சன முறையிற் சிறந்து நிற்பதற்குக் காரணம் அதன் எளிமை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் குரலை ஒலிக்கவிட்டு, அதே கணத்தில் மூலத்தின் வரிகளைத் திரையிற் காட்டுகிறார். கேட்பதும் வாசிப்பதும் சொல்லுக்குச் சொல் பொருந்தி வரும்போது வாதத்துக்கு வேலையில்லாமற் போகிறது. குரலுக்கு இல்லாத மேற்கோட்குறியைப் பிறர் ஒருவர் பின்னர் வந்து இட்டதற்கு ஒப்பானது இச்செயல். இக்காணொளியால் வரும் வருவாய், எழுத்தைப் பறிகொடுத்தவர்களைச் சேரும் என்று அவர் அறிவித்ததும் பாராட்டுக்குரியதே.

அதே வேளையில் வெளிவந்த இன்னோர் ஆக்கமும் கவனத்துக்குரியது. டொட் இன் த ஷாடோஸ் என்னும் புனைபெயருடைய விமர்சகர், சொமர்ட்டன் களவாடாது சொன்னவற்றைச் சோதித்துப் பார்த்தார். அவற்றுட் பல ஆதாரமற்றனவாகவும் பிழையானவையாகவும் இருந்தன. இவ்விரண்டு ஆக்கங்களையும் இணைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. மூலத்தை மறைப்பதும் பொய்யைப் பரப்புவதும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. மூலம் கூறும் பழக்கம் இல்லாதவரிடம் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்க வழியில்லை. அவ்வாறு கேட்க வழியில்லாத இடத்தில், உண்மையும் கற்பனையும் ஒரே நம்பிக்கையுடன் பேசப்படும்.

எனினும் புரூவிஸின் ஆக்கத்தில் ஒரு குறையை நாம் காண்கிறோம். நான்கு மணி நேரத்தில் பெரும் பகுதி தனி மனிதர்களின் தீய குணத்தை அம்பலப்படுத்துவதிற் செலவாகிறது. அக்குணத்தை வளர்க்கும் பொருளாதாரம் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. விளம்பரத்தால் வாழும் ஒரு தளம், பார்வையாளரின் நேரத்தை விலைபேசுகிறது. அடிக்கடி வெளியிடுவோரையும் நீளமாக வெளியிடுவோரையும் அது முன்தள்ளுகிறது. ஓர் ஆண்டு உழைத்து ஒரு காணொளி செய்பவர் இச்சந்தையிற் பின்தங்குகிறார். பிறர் உழைப்பை ஒரு வாரத்திற் குரலாக மாற்றுபவர் முன்னேறுகிறார். இந்த அடிப்படையை விட்டுத் திருடரை மாத்திரம் தண்டித்தால், அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு அடுத்தவர் வந்து சேர்வார்.

அதே காணொளி ஆராயும் இன்னொரு சம்பவம் மாணவர்களுக்கு மேலும் நுட்பமான பாடத்தைத் தருகிறது. 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிளொய்ட் கொலின்ஸ் என்பவர் குகையொன்றிற் சிக்கி உயிரிழந்தார். வில்லியம் மில்லர் என்னும் இளம் நிருபர் அக்குகைக்குள் ஊர்ந்து சென்று அவருடன் பேசி எழுதினார். 1926இல் அதற்காகப் புலிற்சர் பரிசு பெற்றார். பல்லாண்டு கழிந்து, 2018இல், லூக்கஸ் ரைலி என்னும் எழுத்தாளர் அந்நிகழ்ச்சியை 'மென்டல் ஃபுளொஸ்' இணையத்தளத்தில் நீண்ட கட்டுரையாக்கினார். இன்டர்னெட் ஹிஸ்டோரியன் என்னும் பெயருடைய யூடியூப்காரர் அக்கட்டுரையின் ஒழுங்கையும் சொற்களையும் பின்பற்றிக் காணொளி செய்தார். முறைப்பாட்டின் பின் அது அகற்றப்பட்டு, மாற்றங்களுடன் மீண்டும் வெளிவந்தது. 'வரலாறு யாருக்குச் சொந்தம்?' என்று இங்கு ஒருவர் கேட்கலாம். நிகழ்ச்சி எவருக்கும் சொந்தமன்று என்பது மெய்யே. ஆனால் சிதறிக் கிடந்த தகவல்களைத் தேடி, எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்று தீர்மானித்து, வசனமாக வனைந்தது ஒருவருடைய உழைப்பு. சொற்களை மாற்றிவிட்டால் அவ்வுழைப்பு மறைந்துவிடாது. தகவலை எங்கே பெற்றோம் என்று கூறுவதும், கதையின் அமைப்பை யாரிடம் பெற்றோம் என்று கூறுவதும் இரண்டு கடமைகள்.

வலையொலியிலும் இதே நிலைதான். 'கிரைம் ஜங்கி' என்பது அமெரிக்காவில் மிகப் பலர் கேட்கும் குற்றக்கதை வலையொலி. 2003இல் ஆர்கன்சோ மாநிலப் பத்திரிகையொன்றில் ஒரு சிறுமியின் கொலை பற்றித் தொடர் எழுதிய கெதி ஃப்ரை என்னும் நிருபர், தமது தொடரிலுள்ள விவரங்கள் தம் பெயர் கூறப்படாமல் அவ்வலையொலியிற் பயன்படுத்தப்பட்டன என்று 2019 ஆகஸ்டில் பகிரங்கமாக முறையிட்டார். அதனைத் தொடர்ந்து சில அத்தியாயங்கள் அகற்றப்பட்டன. துயருற்ற குடும்பத்தின் வாசலில் நின்று, அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து கேட்டெழுதியவர் நிருபர். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அதனைச் சுவைபடச் சொன்னவர் வேறொருவர். புகழும் விளம்பரப் பணமும் இரண்டாமவருக்கே சென்றன. நிலத்தில் உழைத்தவன் பெயர் விளைச்சலின் மூட்டையில் இராத நியதி அறிவுலகிலும் செயற்படுவதை இங்கு காண்கிறோம்.

மாணவர் ஆக்கங்களுக்கு வருவோம். மூலம் கூறும்படி கேட்டால் சொல்லப்படும் சமாதானங்கள் சிலவே. நிகழ்ச்சியின் ஓட்டம் தடைப்படும் என்பது முதலாவது. இதற்கு விடை எமது வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தோர், ஒவ்வொரு பாடலுக்கும் முன்போ பின்போ படத்தின் பெயரும், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் பெயர்களும் கூறப்பட்டதை அறிவர். அவ்வறிவிப்பால் பாடல் சுவை குன்றியதாக எவரும் முறையிட்டதில்லை. நேயர் பலர் கவிஞரையும் இசையமைப்பாளரையும் அறிந்ததே அவ்வறிவிப்பால்தான். செவிக்கு மூலம் கூறுதல் இயலாத காரியமன்று. அது ஒரு கலையாகவே பயிலப்பட்டிருக்கிறது.

முன்னோர் சொல்லை எடுத்தாளுவது தமிழ் மரபு. பெயர் கூறுவது மேனாட்டார் வழக்கம் என்பது இரண்டாவது சமாதானம். மரபை அறியாதோரே இங்ஙனம் கூறுவர். நூல்களை முதல், வழி, சார்பு என்று வகுத்தது தமிழ் இலக்கணம். சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவை எட்டென்று நன்னூல் வரையறுக்கிறது. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது நூல் வந்த மூலம். பொருளும் பயனும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. நூலைத் திறக்கும் முன்னரே அது எங்கிருந்து வந்ததென்று கேட்ட மரபு எம்முடையது. அம்மரபைத் திருட்டுக்குத் துணையாக அழைப்பது அதற்கு இழைக்கும் அநீதியாகும்.

மூன்றாவது சமாதானம், மாணவர் ஆக்கத்தில் இலாபம் இல்லை, ஆதலால் குற்றமும் இல்லை என்பது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மேற்கோளை அனுமதிக்கிறது. ஆனால் மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை நாம் இங்கு அழுத்தவில்லை. சட்டத்துக்கு அப்பாற்பட்ட காரணம் ஒன்று எமக்கு உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் வந்த போர் ஆண்டுகளில் வீடுகளோடு வீட்டு நூல்களும் அழிந்தன. இத்தகைய நாட்டில் ஒரு தகவலின் மூலத்தைக் கூறாமல் விடுவது, எஞ்சியிருக்கும் பாதையையும் மூடுவதாகும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், தன்னார்வலர்களின் உழைப்பால் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடிப் பாதுகாத்து, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் தந்திருக்கிறது. அந்த எண்ணைத் திரையில் ஒரு கணம் காட்டினால், காணும் மாணவர் எவரும் மூலப் பக்கத்துக்கே செல்லலாம். அங்கிருந்து படமெடுத்துவிட்டு 'நன்றி: கூகிள்' என்று போடும் வழக்கத்தை என்னென்பது? கூகிள் எதையும் எழுதவில்லை, எதையும் படம்பிடிக்கவில்லை. நூல் எங்கே கிடைத்தது என்று கேட்டால் அலுமாரியைச் சுட்டுவது போன்றது அது.

நூலில் இல்லாத மூலங்களும் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்துத் தந்தவை தேயிலைத் தோட்டங்களின் உழைப்பிற் பிறந்தவை. அவற்றைத் 'தெரியாத ஒருவர் பாடியது' என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. தொகுத்தவரின் பெயரும் எந்த மக்களிடமிருந்து வந்ததென்பதும் கூறப்பட வேண்டும். மாணவரே நேரிற் சென்று ஒரு மூதாட்டியிடம் பாடலையோ அனுபவத்தையோ பதிவுசெய்தால், அவர் பெயரும் ஊரும் பதிவான நாளும் ஒரு பேராசிரியரின் நூலுக்குக் கொடுக்கும் அதே மரியாதையுடன் கூறப்பட வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் போரின் சாட்சிகளும் வாழும் நாடு இது. பெயர் வெளிவந்தால் ஆபத்து நேரும் ஒருவரின் பெயரை ஒலிபரப்புவது அறமாகாது. அத்தகைய இடத்தில் 'பெயர் கூற விரும்பாத ஒருவர், இன்ன மாவட்டத்தில், இன்ன ஆண்டில் எம்மிடம் கூறினார்' என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர் பற்றிய விவரத்தை ஆசிரியரிடம் மாத்திரம் ஒப்படைக்கலாம். அவருடைய சம்மதத்துடன் பெயரைக் காப்பது ஒன்று. சோம்பலால் பெயரை விடுவது வேறொன்று.

மாணவரை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. அவர்கள் எங்கே இப்பழக்கத்தைக் கற்றனர்? எமது பாடசாலைகளிலும் ரியூட்டரிகளிலும் 'நோட்ஸ்' என்ற பெயரிற் சொல்லி எழுதுவிக்கப்படுபவற்றை நோக்குக. எந்த நூலிலிருந்து வந்தன, யார் கருத்து, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பன அங்கு கூறப்படுவது அரிது. ஆசிரியர் சொல்வதை மாணவர் எழுதுகிறார். எழுதியதை மனனஞ் செய்கிறார். மனனஞ் செய்ததைத் தம் வார்த்தை போலப் பரீட்சையில் ஒப்புவிக்கிறார். அதற்குப் புள்ளியும் பெறுகிறார். பதின்மூன்று ஆண்டுகள் மூலமற்ற அறிவால் வளர்க்கப்பட்ட ஒருவரிடம், ஒலிவாங்கியைக் கையிற் கொடுத்தவுடன் மூலம் கூறும்படி எதிர்பார்ப்பது எங்ஙனம்? பரீட்சையை மையமாகக் கொண்ட கல்வி, அறிவை உழைப்பின் விளைவாகக் காட்டாமல் ஒப்புவிக்கும் சரக்காகக் காட்டுகிறது. காணொளித் திருட்டின் வேர் இங்கேயும் ஓடுகிறது.

அண்மைக் காலத்தில் இப்பிரச்சினைக்குப் புதியதொரு முகமும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் கட்டுரை எழுதித் தருகின்றன. கேட்டால் மூலப் பட்டியலும் தருகின்றன. அப்பட்டியலிலுள்ள நூல் உலகிலேயே இல்லாததாகவும் இருக்கலாம். 2023இல் நியூயோர்க் நீதிமன்றமொன்றில் வழக்கறிஞர் இருவர் சட்-ஜீபிடி கற்பித்துக் கொடுத்த பொய்த் தீர்ப்புகளைச் சமர்ப்பித்து, 5,000 டொலர் அபராதம் செலுத்தும்படி பணிக்கப்பட்டனர். ஆகவே மூலம் கூறுதல் என்பதற்கு, 'நாம் அதனை நேரிற் கண்டோம், வாசித்தோம்' என்னும் பொறுப்பும் உள்ளடங்குகிறது. காணாத நூலைக் கண்டதாகக் கூறுவது, கண்ட நூலைக் காணாததாக மறைப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த பொய்யன்று.

இனி, செய்யத்தக்கது யாது? பெயரை ஆக்கத்தின் உள்ளேயே, அக்கருத்து வரும் இடத்திலேயே கூற வேண்டும். 'இப்பொழுது நாம் வாசிப்பது சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களுள் ஒன்று' என்று சொல்லச் சில விநாடிகளே செல்லும். பிறர் வசனத்தை அப்படியே வாசித்தால், 'அவர் சொற்களிலேயே கேட்போம்' என்று தொடங்கி, 'இது அவர் கூற்று' என்று முடிக்க வேண்டும்; அல்லது வேறொருவரின் குரலால் வாசிப்பிக்க வேண்டும். குரலுக்குரிய மேற்கோட்குறி இதுவே. காணொளியில் வரும் படத்துக்கு எடுத்தவர், ஆண்டு, பெற்ற இடம் ஆகியன படம் தோன்றும்போதே திரையின் அடியிற் காணப்பட வேண்டும். பின்னணி இசைக்கும் இது பொருந்தும். இறுதியில் முழுப் பட்டியலும் தரப்பட வேண்டும். ஆனால் வசனத்தை வசனமாக எடுத்துவிட்டு, இறுதியில் ஓடும் பெயர்களுள் ஒன்றாக ஆசிரியரைப் புதைப்பது போதாது.

இவை எட்டாத இலட்சியங்களல்ல. அமெரிக்காவில் நடைபெறும் தேசிய வரலாற்று நாள் என்னும் மாணவர் போட்டியில், ஆவணப்படம் பத்து நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. அதனுடன் ஒவ்வொரு மூலமும் எவ்வாறு உதவியது என்ற குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியலையும் மாணவர் சமர்ப்பிக்க வேண்டும். பத்து நிமிடப் படத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் இதனைச் செய்கின்றனர். எமது ஆசிரியர்களும் காணொளி ஒப்படைகளுக்குப் புள்ளியிடும்போது, குரலின் இனிமைக்கும் படத்தொகுப்பின் பகட்டுக்கும் முன்பாக மூலத்துக்குப் புள்ளி ஒதுக்கலாம். அதற்கும் முன்பாக, தமது நோட்ஸின் அடியில் நூலின் பெயரை எழுதத் தொடங்கலாம். கரும்பலகையின் ஓரத்தில் எழுதப்படும் ஒரு நூற்பெயர் மாணவர் மனத்தில் விதைக்கும் பண்பை, பத்து அறிவுரைகள் விதைக்க மாட்டா.

உழைப்பவர் பெயர் மறைக்கப்படுவதை வயலிலும் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் எதிர்ப்பவர்கள், அறிவுத் துறையில் அதே மறைப்பைக் கண்டும் காணாதிருக்க முடியாது. மலைநாட்டுப் பெண்ணின் பாடலும் நிருபரின் விசாரணையும் ஆய்வாளரின் பல்லாண்டுத் தேடலும் உழைப்பே. அவற்றை எடுத்தாளுவதற்கு மாணவருக்கு முழு உரிமை உண்டு. எடுத்தாளவே அவை ஆக்கப்பட்டன. யாரிடமிருந்து பெற்றோம் என்று கேட்போர் காதுபடச் சொல்வது அவ்வுரிமையோடு வரும் கடமை. அக்கடமையை வகுப்பறையிற் கற்பித்துப் பழக்குவது எமது ஆசிரியர்கள் முன்னுள்ள பணியாகும்.